குலத்தொழிலும் ஓர் அளவுகோலா?

2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 190க்கும் மேற்பட்ட நாடுகள் கூடி ஓர் ஆவணத்தை ஏற்றுக்கொண்டன. குன்மிங்-மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் சட்டகம் என்று அதற்குப் பெயர். 2050க்கென்று நான்கு பெரிய குறிக்கோள்கள், 2030க்குள் முடிக்க வேண்டியவை என்று 23 இலக்குகள். நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்கிற மூன்றாவது இலக்கைப் பற்றித்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின. நம் கண்ணில் பட வேண்டியது வேறொன்று. நாடுகள் சொன்னபடி செய்கின்றனவா என்று பார்க்க ஓர் அளவுகோல் பட்டியலையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் ஒன்பதாவது இலக்கின்கீழ், தலைமை அளவுகோல்களில் ஒன்றாக, இப்படி ஒரு வரி: பாரம்பரியத் தொழில்களில் இருக்கும் மக்களின் சதவீதம்.

பாரம்பரியத் தொழில். தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. குலத்தொழில்.

அந்தச் சதவீதம் நிலைத்து நின்றால் ஒரு நாடு இயற்கையோடு இசைந்து வாழ்கிறது, குறைந்தால் எதையோ பறிகொடுக்கிறது. அந்த ஒற்றை வரிக்குள் இருக்கும் பொருள் இதுதான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்து, எதிர்ப்பு தாங்காமல் 1954இல் கைவிடப்பட்ட குலக்கல்வித் திட்டம், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வெளிநாடு போய் விஞ்ஞானமாகத் திரும்பி வந்திருக்கிறதோ என்று கேட்கத் தோன்றுகிறது. இதை எழுதியவர்களுக்குச் சாதி தெரியாது, அதனால் உள்நோக்கம் இல்லை என்று சிலர் சொல்லலாம். சரி, உள்நோக்கம் வேண்டாம். ஒரு பிரதி என்ன நினைத்து எழுதப்பட்டது என்பது ஒன்று, நம்ம தெருவுக்கு வரும்போது அது என்னவாகிறது என்பது இன்னொன்று. விமர்சனத்தின் வேலை இரண்டாவதைப் பார்ப்பது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எண்ணுவதற்கு நாம் எதிரி இல்லை. எண்ணிக்கை இல்லாமல் இட ஒதுக்கீடு கிடையாது. எத்தனை பேர் எங்கே எப்படிக் கிடக்கிறார்கள் என்று கணக்குக் காட்டாமல் அம்பேத்கர் எதையும் வாதிட்டதில்லை. உயிரினங்களை எண்ணுவதும் வேண்டியதுதான். எண்ணும் முறை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

சிவப்புப் பட்டியல் குறியீட்டெண் என்று ஒன்று. ஒவ்வொரு உயிரினத்துக்கும் அதன் ஆபத்துக்கு ஏற்ப எடை போடுகிறார்கள். கவலை இல்லாதது என்றால் 0, அடியோடு அழிந்தது என்றால் 5, நடுவில் மற்றப் படிகள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எண்ணாக்குகிறார்கள். எல்லாமே பத்திரமாக இருந்தால் 1, எல்லாமே அழிந்திருந்தால் 0. ஐ.நா. 2015இல் அறிவித்த நிலைத்த வளர்ச்சிக் குறிக்கோள்களிலும் இந்த எண் உண்டு. இன்னொன்று வாழும் கோள் குறியீட்டெண். அதன் 2024ஆம் ஆண்டு அறிக்கை 1970க்கும் 2020க்கும் இடையில் சராசரியாக 73 சதவீத வீழ்ச்சி என்றது. உடனே நூற்றுக்கு 73 விலங்குகள் செத்துவிட்டன என்று எழுதியவர்கள் உண்டு. அப்படியல்ல. ஏறத்தாழ 35,000 விலங்குக் கூட்டங்களில் ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் ஏறியது, இறங்கியது என்று பார்த்து, அந்த வேகங்களுக்குப் போட்ட சராசரி அது. ஒரு கூட்டம் அடியோடு சரிந்திருக்கும், இன்னொன்று பெருகியிருக்கும். சராசரி இரண்டையும் ஒரே தட்டில் கொட்டிவிடும். தனிநபர் வருமானம் என்று பண்ணையார் காசையும் கூலிக்காரி காசையும் கூட்டி வகுக்கிறார்களே, அந்த மாதிரி. ஓர் எண் கையில் வந்தால் அதற்குள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

பாறு கழுகை எடுத்துக்கொள்வோம். செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யும் பறவை. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 சதவீதம் குறைந்தது. மாட்டுக்கு ஊசியாகப் போட்ட டைக்ளோஃபினாக் என்கிற வலி மருந்துதான் காரணம் என்று 2004இல் கண்டார்கள். அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டது. 2006இல் அந்த மருந்தை மாட்டுக்குப் போடக் கூடாது என்று இந்திய அரசு தடை செய்தது. எண்ணியதால்தான் இது தெரிந்தது. எண்ணியதால்தான் தடை வந்தது. இது எண்ணிக்கையின் வெற்றி, மறுக்க வேண்டியதில்லை.

கழுகு போனதால் மனிதருக்கு என்ன ஆனது என்று ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் இரு பொருளியலாளர்கள் 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பிணங்கள் அழுகி நீர் கெட்டது, தெருநாய்கள் பெருகின, நோய் பரவியது. 2000க்கும் 2005க்கும் இடையில் சுமார் 5 லட்சம் கூடுதல் சாவுகள் என்பது அவர்கள் மதிப்பீடு. இங்கேதான் நாம் நிறுத்திக் கேட்க வேண்டும். செத்த மாடு எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் போடப்படுகிறது? கழுகு வராத பிணத்தைப் புதைக்க யாரைக் கூப்பிடுவார்கள்? "டேய், மாடு செத்துப்போச்சு, வந்து எடுத்துப் போடு" என்கிற குரல் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போகும்? கழுகுக்குக் குறியீட்டெண் உண்டு. கழுகோடு சேர்ந்து அதே பிணத்தைச் சுமந்தவனுக்கு என்ன உண்டு? அவனுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். பாரம்பரியத் தொழில் என்கிற கட்டம்.

1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர் தம் மக்களிடம் சொன்னவற்றில் ஒன்று, செத்த மாட்டைத் தின்னாதே என்பது. பிணம் இழுக்கும் வேலையை விட்டொழிக்கச் சொல்வது அந்த இயக்கத்தின் அடிநாதமாகவே இருந்தது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டைத் தோலுரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்குள்ள தலித்துகள் மாட்டுப் பிணங்களை அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இனிமேல் எடுக்க மாட்டோம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் இரண்டு கோடுகள். கழுகின் கோடு இறங்கினால் அது இழப்பு. பிணம் சுமப்பவனின் கோடு இறங்கினால் அது விடுதலை. இரண்டும் ஏற வேண்டும் என்று ஒரே பட்டியலில் எழுதினால் நாம் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

இதை வாசிக்க நம் கையில் ஒரு நல்ல பிரதி இருக்கிறது. விருத்தாசலத்தில் வாழும் இமையம் எழுதி, 1994இல் க்ரியா வெளியிட்ட 'கோவேறு கழுதைகள்'. உலகப் பல்லுயிர் உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதிசெய்ததும் அதே 1994இல்தான். ஒன்று அரசாங்கத்தின் கோப்பு, இன்னொன்று ஒரு வண்ணாத்தியின் கதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதுவரை நாம் படித்ததில்லை.

ஆரோக்கியம் பறையர் காலனிக்கு வெளுக்கும் வண்ணாத்தி. துணி வெளுப்பது மட்டும் வேலை இல்லை. பிள்ளைப்பேறு பார்க்க வேண்டும், தீட்டுத் துணி அலச வேண்டும், சாவென்றால் முதலில் போய் நிற்க வேண்டும், அறுப்புக் காலத்தில் களத்தில் பாடுபட வேண்டும். கூலி என்று காசு இல்லை. ராத்திரியில் வீடு வீடாகப் போய் எடுக்கிற சோறு, களத்தில் அளக்கிற தானியம். நாவல் போகப் போக அந்தச் சோறு குறைகிறது, தானியம் குறைகிறது, மரியாதை முதலிலேயே இல்லை. அவள் புருஷன் சவுரி தேய்கிறான், பிள்ளைகள் வேறு திசை பார்க்கிறார்கள். ஆரோக்கியம் அழுகிறாள். பழைய முறை போகிறதே என்று அழுகிறாள்.

இந்த அழுகைதான் சிக்கலான இடம். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் இதைப் படித்தால், பாருங்கள், பாரம்பரியத் தொழில் அழிவது அந்த மக்களுக்கே துயரம் தருகிறது என்று குறித்துக்கொள்வார். அவள் கண்ணீரே அளவுகோலுக்குச் சாட்சியாகிவிடும். ஆனால் இமையம் அங்கே நிறுத்தவில்லை. அதே தொழில் உறவுதான் அவள் மகள் மேரியைக் காலனி இளைஞன் ஒருவனின் வன்முறைக்கு முன்னால் நாதியற்று நிறுத்துகிறது. வெளியே சொல்ல முடியாது. சொன்னால் நாளைக்கு எந்த வாசலில் சோறெடுப்பது? பாரம்பரியம் என்கிற சொல்லுக்குள்ளே சோறும் இருக்கிறது, வாயைப் பொத்தும் கையும் இருக்கிறது. ஆரோக்கியம் எதற்காக அழுகிறாள் என்று கேட்காமல் அவளை ஒரு சதவீதத்தில் சேர்ப்பது மோசடி.

இந்த நாவல் வந்தபோது தலித் விமர்சகர்களிடையே சண்டையே நடந்தது. தலித்தே தலித்தை ஒடுக்குவதாகக் காட்டலாமா, இது எதிரிக்குத் தீனி போடுவது ஆகாதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் கோபம் நியாயமானது. ஆனால் 30 ஆண்டுகள் கழித்து இந்த உலக ஆவணத்தைப் படிக்கும்போது நாவலின் பிடிவாதம் நமக்குப் பயன்படுகிறது. ஆவணத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் 'உள்ளூர்ச் சமூகம்'. உள்ளூர்ச் சமூகத்தின் அறிவு, உள்ளூர்ச் சமூகத்தின் பங்கேற்பு. எது உள்ளூர்ச் சமூகம்? ஊரா, காலனியா, காலனிக்கும் பின்னால் தனியாக இருக்கும் வண்ணாத்தி வீடா? இந்தியக் கிராமம் ஒரே சமூகமாக என்றைக்கு இருந்தது? இந்தக் கேள்வியை ஆவணத்தைப் பார்த்து நாம் கேட்பதற்கு முன்னால், நம்மைப் பார்த்து இமையம் கேட்டுவிட்டார்.

தலைப்பையும் கவனியுங்கள். கோவேறு கழுதை ஆண் கழுதைக்கும் பெட்டைக் குதிரைக்கும் பிறப்பது. சுமப்பதற்கென்றே பிறப்பிக்கப்படுவது. அதற்கென்று வம்சம் இல்லை, அதனால் எந்த உயிரினப் பட்டியலிலும் அது தனி இனமாக வராது. சிவப்புப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. ஆனால் அரசாங்கத்தின் கால்நடைக் கணக்கில் அது உண்டு. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில், 2012ஐ விட கோவேறு கழுதைகள் 57 சதவீதமும் கழுதைகள் 61 சதவீதமும் குறைந்திருந்தன. இந்தியா முழுவதும் கழுதைகள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம்தான். கழுதை இனங்களைக் காக்க வேண்டும் என்கிறார்கள், காக்கட்டும். நமக்குத் தெரிய வேண்டியது, கழுதை போனபின் அதன் முதுகில் இருந்த மூட்டை எங்கே போனது என்பது. லாரிக்குப் போனதா, இன்னொரு மனுஷி முதுகுக்குப் போனதா?

வண்ணார் தொழிலில் அறிவே இல்லை என்று சொல்லவில்லை. உவர்மண் எங்கே கிடைக்கும், எந்தப் பருவத்தில் எடுக்க வேண்டும், வெள்ளாவியை எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அறிவுதான். துணியில் வண்ணான் குறி போடுவது சேங்கொட்டையின் சாற்றால். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அது போகாது, தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். சேங்கொட்டை முந்திரிக் குடும்பத்து மரம். விருத்தாசலமோ முந்திரிக் காடுகளின் ஊர். இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்று ஊர்ப் பெயரிலேயே முந்திரி ரகங்களும் நிலக்கடலை ரகங்களும் வெளியிட்டிருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுக்கு ரக எண் உண்டு, வெளியிட்ட ஆண்டு உண்டு, பெயர் உண்டு. சேங்கொட்டைச் சாற்றால் விரல் வெந்தவளின் அறிவுக்குப் பெயர் வைத்தால் அது சாதிப் பெயராகத்தான் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை எந்த அளவுகோல் அளக்கும்?

விருத்தாசலத்துக்கு இன்னொரு முகம் உண்டு. செராமிக். நெய்வேலிச் சுரங்கத்தின் வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைத்ததால் வளர்ந்த தொழில். செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் படிப்புக்கென்றே ஒரு கல்லூரி, அகல் விளக்கு, கொலு பொம்மை. டான்செம் நிறுவனம் இங்கே கழிவுநீருக்கான சுட்ட மண் குழாய்கள் செய்தது. இந்தத் தொழிலைப் பற்றிப் பெருமையாகப் பேச வேண்டியதில்லை. கூலி சொற்பம், களிமண் தூசி நெஞ்சுக்கு ஆகாது. அந்த மாதிரிக் குழாயில் ஓடும் நகரத்து மலத்தை அள்ள எந்தச் சாதிக்காரனை இறக்குகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று இருக்கிறது. செராமிக் தொழிலுக்கென்று பிறந்த சாதி கிடையாது. களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்து, காயவைத்து, சூளையில் வைக்கிறவள் எந்தத் தெருவிலிருந்தும் வரலாம். கார்த்திகைக்கு அகல் வாங்குகிறவன் அதைச் செய்தவள் யாரென்று கேட்டுவிட்டு வாங்குவதில்லை. ஒரு வண்ணாத்தியின் மகள் சோறெடுக்கிற கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டு இப்படி ஒரு வேலைக்கு வாரச் சம்பளத்துக்குப் போனால், பாரம்பரியத் தொழிலின் சதவீதத்தில் ஒரு ஆள் குறையும். நாட்டின் மதிப்பெண் இறங்கும். "எறங்கட்டுமே, எனுக்கு இன்னா" என்றுதான் அவள் சொல்வாள்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று 18 கைத்தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் அறிவித்தது. குயவர், செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், முடி திருத்துபவர் எல்லாம் அதில் உண்டு. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்கிற நிபந்தனையை எடுக்கச் சொன்னது தமிழக அரசு. எடுக்கவில்லை என்றதும், இந்த வடிவில் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் அறிவித்தது. உள்ளூரில் குலத்தொழில் திட்டம் ஒன்று, உலகத்தில் குலத்தொழில் அளவுகோல் ஒன்று. இரண்டும் கைகோத்துக்கொண்டால், அப்பன் தொழிலில் பிள்ளையை நிறுத்துவதற்குப் பசுமை என்று பெயர் வந்துவிடும்.

மறுபக்கமும் பேச வேண்டும், தோழர்களே. இந்த அளவுகோலைக் கேட்டு வாங்கியவர்கள் உலகத்தின் பழங்குடிகள். காட்டையும் ஆற்றையும் பறிகொடுத்தவர்களுக்கு, எங்கள் வேட்டையும் மீன்பிடியும் தேனெடுப்பும் குறைகிறது என்றால் எங்கள் நிலம் போகிறது என்று பொருள். அவர்களுக்கு இது கேடயம். நம்ம பக்கத்திலேயே இருளர்கள் இருக்கிறார்கள். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்ததும் பாம்புத் தோல் பிழைப்பு போயிற்று. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதே கைத்திறன், ஆனால் இப்போது தோலுக்காகக் கொல்வதில்லை. விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள், அந்த விஷத்திலிருந்து மருந்து வருகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளரின் பாம்பு பிடிப்பும் ஆரோக்கியத்தின் சோறெடுப்பும் பட்டியலில் ஒரே கட்டம். ஆனால் ஒன்றில் சங்கம் இருக்கிறது, கூலி இருக்கிறது. மற்றதில் வாசலில் நிற்பது மட்டும் இருக்கிறது. திறமை வேறு, கட்டாயம் வேறு. அளவுகோல் இரண்டையும் பிரிக்கவில்லை என்பதுதான் நம் புகார்.

பிரிக்க முடியாதா? முடியும். 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த பல்லுயிர் மாநாட்டில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் பங்கை முதல்முறையாக ஆவணத்தில் அங்கீகரித்தார்கள். அடிமைக் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகள் கேட்டார்கள், போராடினார்கள், இடம் பிடித்தார்கள். சாதி என்கிற சொல் மாண்ட்ரியல் ஆவணத்தின் 23 இலக்குகளில் ஒன்றில்கூட இல்லை. நாம் கேட்கவும் இல்லை. சுற்றுச்சூழல் என்றால் அது பறவை பார்க்கிறவர்கள் விவகாரம் என்று ஒதுங்கிவிட்டோம்.

நாம் ஒதுங்கியதன் விலை உள்ளூரிலேயே தெரிகிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு, அது தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. பதிவேட்டில் பயிர், களை, மூலிகை, நீர்நிலை எல்லாவற்றுக்கும் படிவங்கள் உண்டு, அறிவுடையோர் பட்டியலும் உண்டு. பல ஆண்டுகள் சில ஆயிரம் பதிவேடுகள்தான் இருந்தன. 2020 ஜனவரி 31க்குள் முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும், சில ஆண்டுகளில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. எண்ணிக்கை ஏறியது. எத்தனை சேரிகளுக்குள் நோட்டுப் புத்தகத்தோடு ஆள் வந்தது? 2004ஆம் ஆண்டின் விதிகள், தலைவர் நீங்கலாக ஆறு உறுப்பினர்கள் வரை, அதில் 18 சதவீதத்துக்குக் குறையாமல் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றன. ஆறில் 18 சதவீதம் 1.08. ஒரு ஆளும் ஒரு விரலும். எந்தக் கீரை எந்த வரப்பில் முளைக்கும், மருந்தடித்த வயலில் நண்டு வளையும் நத்தையும் எப்போது காணாமல் போயின என்பது களையெடுக்கிற பெண்களுக்குத் தெரியும். "நண்டு இல்லாத வயல்ல என்னத்தப் போயி புடிக்கிறது" என்கிற ஒற்றைப் பேச்சில் ஒரு முழு அளவுகோல் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் எழுதிய பதிவேடு யாருடைய பதிவேடு?

1992இல் ரியோவில் பல்லுயிர் உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தபோது இங்கே பாமாவின் 'கருக்கு' வந்தது. அந்த நூலின் தொடக்கத்தில் மலை இருக்கிறது, குளம் இருக்கிறது, கூடவே எந்தச் சாதிக்கு எந்தத் தெரு என்பதும் இருக்கிறது. இயற்கையையும் சாதியையும் தனித்தனிப் படிவத்தில் எழுத முடியாது என்று நம் எழுத்து அன்றைக்கே காட்டிவிட்டது. நம் தன்வரலாறுகளும் நாவல்களும்தான் நாம் வைத்திருக்கும் பதிவேடு.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்க வேண்டியவை மூன்று. பாரம்பரியத் தொழிலில் ஒருவரை எண்ணும்போது, அவர் நினைத்தால் அதை விட்டுப் போக முடியுமா என்று எழுது. அந்தத் தொழிலின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று எழுது. அவர் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறதா, அதே மூட்டையைச் சுமக்கிறதா என்று எழுது. மூன்றுக்கும் பதில் இல்லாத சதவீதத்தை ஏற்காதே. அடுத்த கிராம சபையில் பல்லுயிர்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து சத்தமாகப் படிக்கச் சொல்லலாம். அது நம் ஊரைப் பற்றிய பொது ஆவணம்தான். படித்து முடித்ததும், சேரிப் பக்கம் எங்கே என்று கேட்கலாம்.